ஸ்ரிக்கரில் வந்த ஹெரிற்றேஜ்: கிளிநொச்சியில் வாடகைக்கு ஓடும் டிஃபென்டர்

கண்டி வீதியில், கிளிநொச்சிக்குக் கொஞ்சம் வெளியே, பச்சை உடம்பும் வெள்ளைக் கூரையுமாக ஒரு லாண்ட் றோவர் டிஃபென்டர் ஜீப் நிற்கிறது. கல்யாணத்துக்கும் ஊர் சுற்றவும் சாரதியோடு வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல விலை வந்தால் விற்கவும் ஆயத்தமாம். கடையின் பெயர் வேண்டாம், முதலாளி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

வாகனத்தின் பூர்வீகம் பற்றி அவர் சொல்வது: இது ஹெரிற்றேஜ் லிமிட்டட் எடிசன், மொத்தமே 400தான், அதில் ஒன்று வன்னிக்கு வந்துவிட்டது. சாரதியைக் கேட்டால், கொழும்பில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது என்கிறார். பக்கத்து கராஜில் பெயின்ற் அடிக்கிற பெடியன், மலையகத்தில் ஏதோ தேயிலைத் தோட்டத்தில் ஓடித் தேய்ந்தது என்று அடித்துச் சொல்கிறான். மூன்று பேரும் ஒரே வளவுக்குள்தான் நிற்கிறார்கள்.

கனடாவிலிருந்து வந்த மருமகன் முதலாளியின் கதையை நம்பிவிட்டான். "மாமா, இதிலேயே போவம்" என்று நின்றான். நாள் வாடகை 35,000 ரூபா, டீசல் தனி. எடிசனுக்குத்தான் அந்த விலையாம்.

யுத்தத்துக்குப் பிறகு கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் டிஃபென்டர் ஓட்டிச் சம்பளம் எடுத்தவன் நான். பச்சைப் பெயின்ற்றுக்கு மயங்க மாட்டேன். உண்மையான ஹெரிற்றேஜ் 2015இல் வந்தது. பழைய டிஃபென்டரை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்த பிறகு விட்ட விசேட பதிப்புகளில் அது ஒன்று. 400 என்பது பிரித்தானியச் சந்தைக்கு ஒதுக்கிய தொகை. முன் மட்கார்ட்டில் 'எச்யூஈ 166' என்று இருக்கும். 1948இல் லாண்ட் றோவர் சந்தைக்கு வருமுன் செய்த முதல் முன்மாதிரி வண்டியின் பதிவிலக்கம் அது. கடைசி டிஃபென்டர் 2016 ஜனவரி 29 அன்று சொலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இந்த வாகனத்திலும் 'எச்யூஈ 166' இருக்கிறது. ஸ்ரிக்கர். ஒரு மூலை கிளம்பி நிற்கிறது.

முன் கண்ணாடிக்குக் கீழே பாருங்கள். பழைய டிஃபென்டர்களில் அந்த இடத்தில் காற்று வர இரண்டு மூடிகள் இருக்கும். 2007இல் டாஷ்போட்டை மாற்றியபோது அவற்றை எடுத்துவிட்டார்கள். தகட்டில் தடம் மட்டும்தான் மிஞ்சியது. நான் உள்ளேயிருந்து லீவரைத் தள்ளினேன். மூடி திறந்து, பரந்தன் காற்று தூசியோடு முகத்தில் அடித்தது. போனட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது 300 டிடிஐ என்கிற பழைய 2.5 லீற்றர் டீசல் எஞ்சின். ஹெரிற்றேஜில் இருந்தது 2.2 லீற்றர் எஞ்சின். பிறகு முன் வலது சில்லுக்குப் பக்கத்தில் செஸியில் வெட்டியிருக்கும் இலக்கத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மொடல் வருடத்தைச் சொல்லும் பத்தாவது எழுத்து 'வி'. அதாவது 1997 மொடல். தோட்டமோ வெள்ளைக்காரரோ, அதை செஸி சொல்லாது. முதலாளியின் கதை மட்டும் அதோடு முடிந்தது.

சரி, ஓட்டம் எப்படி? அதில் குறை சொன்னால் வாய் அழுகும். புதுக்குடியிருப்பு வழியாகப் போய், வட்டுவாகல் பாலம் தாண்டி முல்லைத்தீவுக் கடற்கரை, திரும்பும்போது ஒட்டுசுட்டான், மாங்குளம். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வயல் பாதைக்குள் இறங்கினோம். முதல் நாள் மழை. உழவு இயந்திரம் போன தடத்தில் முழங்கால் அளவு சேறு. சாரதி சேற்றுக்கு முன்னமே நிறுத்தி, சின்ன லீவரை, வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சுக்கு எடுத்து, இடப்பக்கம் தள்ளி, முன் பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் டிஃப் லொக் போட்டார். டாஷ்போட்டில் லொக்குக்கான லைற் எரிந்த பிறகுதான் கிளச்சை விட்டார். அக்சிலேற்றரை மிதிக்கவே இல்லை; வாகனம் எருமை மாதிரி ஆறுதலாக நடந்து கரையேறியது. தார் வீதிக்கு வந்ததும் லொக்கை எடுத்தார், லைற் அணையவில்லை. கொஞ்சம் பின்னுக்கு எடுத்து இறுக்கத்தைத் தளர்த்தினார், அணைந்தது. அந்த ஒரு செயலுக்கே அவருக்குத் தனியாகக் காசு கொடுக்கலாம். கொடுத்தோம்.

ஏசி இருக்கிறது, ஆனால் சத்தம்தான் கூட. முழங்கை வைக்க இடமில்லை, அது எந்த டிஃபென்டரிலும் இல்லை. அறுபது தாண்டினால் கத்திக் கதைக்க வேண்டும்.

திரும்பி வந்து முதலாளியிடம் 'வி' எழுத்தைப் பற்றிச் சொன்னேன். கோபப்படவில்லை. "அண்ணை, அது வெளிநாட்டிலிருந்து வாற ஆக்களுக்குச் சொல்லுற கதை, நீங்கள் ஏன் செஸிக்குக் கீழ போனீங்கள்?" என்று சிரித்தார். ஐயாயிரம் குறைத்தார்.

2020இலிருந்து வாகன இறக்குமதியை வருடக்கணக்காக நிறுத்தி வைத்ததில் பழைய இரும்புக்கெல்லாம் பவுன் விலை வந்தது. கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணமும் வந்தது. எனக்கு அதில்தான் எரிச்சல். 300 டிடிஐ என்பது கம்பியூட்டர் இல்லாத எஞ்சின், எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் ஸ்பானரோடு உட்கார்ந்தால் முடிகிற வேலை. வன்னிக்கு அது ஹெரிற்றேஜை விடத் தோதானது. அதைச் சொல்லியே விற்கலாமே? வாங்க யோசிக்கிறவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். நான் கேட்டபோது "புக் லீசிங் கொம்பனியில" என்றார். உடம்பு அலுமினியம், துரு பிடிக்காது என்பார்கள். செஸி இரும்பு, பின் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

வாடகைக்கு என்றால் தாராளமாக எடுக்கலாம், சாதாரண டிஃபென்டர் விலைக்குப் பேசி. அந்தச் சாரதிதான் வரவேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு எடுப்பவர்கள் பொம்பிளையைப் பின் இருக்கையில் இடப்பக்கம் இருத்த வேண்டாம். கூரை ஓரத்துச் சின்னக் கண்ணாடியால் மழைத்தண்ணி ஒழுகி நேரே கூறைச் சேலையில்தான் விழும்.