800 டிகிரி தாங்கும்னு வித்த பூட்ஸ் கவர் சைலன்ஸர்லயே உருகி ஒட்டிக்கிச்சு, வாங்கப் போறவங்க ஒரு தடவ படிச்சிடுங்க

வலது கால் பூட்ஸ் பைக்கோட சைலன்ஸர் பைப்ல பட்டு உருகுதேன்னு ஒரு கவர் வாங்கினேன். அது பூட்ஸையும் காப்பாத்தல, என் கால பைப்போட சேத்து ஒட்டி வண்டியோட கீழ சாய வேண்டிய நிலைமைக்குக் கொண்டு போயிடுச்சு. காசு போனத விட அந்த அரை செகண்ட் கால் வராம மாட்டினதுதான் இன்னும் மனசுல நிக்குது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என் வண்டியில பெண்ட் பைப் (இன்ஜின்ல இருந்து சைலன்ஸருக்குப் போற வளைஞ்ச பைப்) இன்ஜினுக்கு முன்னாடி இறங்கி வலது ஃபுட் ரெஸ்டுக்கு உள்பக்கமா ஒட்டினாப்ல பின்னாடி போகும். பிரேக் பெடல்ல கால் வச்சா குதிகால் தானாவே உள்ள திரும்பும், திரும்பினா நேரா பைப்புதான். முதல்ல எனக்கு இது தெரியவே இல்ல, குரோம் மேல கருப்பா திட்டுத்திட்டா இருந்தத ரோட்டுத் தார்னு நெனச்சு மண்ணெண்ணெய் போட்டு தேச்சிட்டு இருந்தேன். போகல. ஒரு நாள் பூட்ஸ கழட்டி கவுத்துப் பாத்தா குதிகால் ஓரத்துல சோல் வரியெல்லாம் அழிஞ்சு, இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு பளபளக்குது. அப்பதான் புரிஞ்சுது, பைப் மேல இருக்கறது தார் இல்ல, என் பூட்ஸு.

அப்புறம் என்ன, தேட ஆரம்பிச்சேன். ஆன்லைன்ல ஒரு செல்லர் ஹீட் கார்டு கவர்னு போட்டிருந்தான், பூட்ஸ் மேல மாட்டி வெல்க்ரோ போட்டு இறுக்கிக்கற மாதிரி, வெளிய வெள்ளி கலர். 800 டிகிரி தாங்கும், தீயணைப்புக்காரங்க போடற அதே அராமிட் துணி, அது இதுன்னு ஒரே பில்டப்பு. கூடவே ஒரு வீடியோ, கவருக்குள்ள கைய விட்டுட்டு வெளியில இருந்து டார்ச் லைட்டர் நெருப்பக் காட்டறான், கைக்கு ஒண்ணும் ஆகல. நான் சும்மா வாங்கிடல, சாட்ல கேட்டேன், "பைப்ல நேரா பட்டா தாங்குமா?"ன்னு. "100% சேஃப் சார், டென்ஷனே வேணாம்"னு பதில். அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் வச்சிருக்கேன், அதனால ஒரு புண்ணியமும் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது.

முதல் ரெண்டு மூணு ரைடு நல்லாத்தான் போச்சு, எல்லாமே சின்ன தூரம், காலி ரோடு. வண்டி ஓடிட்டே இருந்தா காத்து பட்டு பைப்போட வெளிப்பக்கம் கொஞ்சம் ஆறிட்டே இருக்கும், காலும் எப்பவாவதுதான் படும். நானும் ஏமாந்து நல்ல பொருள்னு அஞ்சு ஸ்டார் வேற குடுத்துட்டேன்.

நாலாவது ரைடு ரெண்டு மணி நேரம் ஓட்டம், கடைசில ஒரு பெரிய சிக்னல்ல நல்ல நெரிசல். இடது கால் கீழ, வலது கால் பிரேக்ல, குதிகால் வழக்கம் போல பைப்ல சாஞ்சு கெடக்கு. ஏதோ பிளாஸ்டிக் கருகற நாத்தம் வந்துச்சு, முன்னாடி நின்ன லாரியோட கிளட்ச்னு நெனச்சேன் (எப்பவுமே அடுத்தவன் வண்டிதான்னு தோணும் பாருங்க). பச்சை விழுந்து கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்னப்ப ரோடு வலது பக்கமா சரிஞ்சிருந்துச்சு, வண்டி அந்தப் பக்கம் சாயுது, வலது கால ஊனப் போறேன், கால் வரல. சும்மா லேசா பிடிச்ச மாதிரி இல்ல, ஆணி அடிச்ச மாதிரி. ஒரே இழுப்பா இழுத்தேன், பர்ர்ர்னு கிழிஞ்சு கவர் பாதி பைப்லயே நின்னுடுச்சு, கால் மட்டும் வந்துச்சு. தொட்டுத் தடவி வண்டியப் பிடிச்சுட்டேன், முட்டி மட்டும் ரெண்டு நாள் வலிச்சுது. பின்னாடி பஸ் எதாவது ஒட்டி வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே வேணாம்னு விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா பூட்ஸ்ல கணுக்கால் உள்பக்கத் தோல் சுருங்கி காஞ்ச சருகு மாதிரி ஆயிருக்கு, மடக்கினா வெடிக்குது. தோல் தீப்பிடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே சுருங்கிடும், ஈரமா இருந்தா 100 டிகிரிக்குப் பக்கத்துலயே சுருங்கற ரகமெல்லாம் இருக்கு. சுருங்கின தோல் திரும்பாது, எண்ணெய் போட்டாலும் சரி பாலிஷ் போட்டாலும் சரி.

கிழிஞ்ச கவர்ல இருந்து ஒரு நூல உருவி லைட்டர்ல காட்டிப் பாத்தேன். இத மட்டும் கவனமா கேட்டுக்கோங்க. நெஜ அராமிட் உருகாது, நெருப்புல கருகும், நெருப்ப எடுத்ததும் அணைஞ்சுடும், நுனிய விரல்ல நசுக்கினா கரியா உதிரும். என் நூல் நெருப்பு கிட்ட போறதுக்குள்ளயே பயந்து சுருண்டு, நுனியில ஒரு குட்டி உருண்டை, ஆறினதும் பாசிமணி மாதிரி கெட்டியா ஆயிடுச்சு. சுத்தமான பாலியஸ்டர். அது 260 டிகிரி பக்கத்துலயே உருகிடும், நைலானும் கிட்டத்தட்ட அந்த ரேஞ்சுதான். இன்ஜின் கிட்ட இருக்கற பெண்ட் பைப் நல்லா சூடானா 300 டிகிரிய சாதாரணமா தாண்டும். அந்த வெள்ளி கலர் இருக்கே, நகத்தால சுரண்டினேன், சிட்டிகை பொடியா வந்துடுச்சு, வெறும் மேல்பூச்சு.

அப்ப அந்த லைட்டர் வீடியோ? அத திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தேன், நெருப்பு காட்டறது நாலஞ்சு செகண்ட்தான், அதுலயும் ஒரே எடத்துல நிறுத்தாம ஆட்டிட்டே இருக்கான், அப்புறம் வீடியோ கட். நம்ம மெழுகுவர்த்தி நெருப்புல விரல வேகமா விட்டு எடுத்தா சுடாதில்ல, அதே வித்தைதான். பைப் அப்படி இல்ல, இரும்பு நேரா அழுத்திட்டு இருக்கும், விட விட சூட்ட ஏத்திட்டே இருக்கும். பளபளப்பு கூட, எதிர்ல இருந்து வர்ற அனலத்தான் திருப்பி அடிக்கும், அதுக்கும் நடுவுல இடைவெளி வேணும். ஒட்டி வச்சா எந்த வெள்ளிப் பேப்பரும் வேலைக்கு ஆகாது.

செல்லர் கிட்ட போனேன். முதல்ல போட்டோ கேட்டான், அனுப்பினேன். அப்புறம் பார்சல் பிரிச்ச வீடியோ கேட்டான், உருகினதுக்கும் பார்சல் பிரிச்சதுக்கும் என்னய்யா சம்பந்தம்னா பதிலே இல்ல. மூணு நாள் கழிச்சு, "800 டிகிரிங்கறது அனலுக்கு சார், நேரா படறதுக்கு இல்ல, நீங்க தப்பா யூஸ் பண்ணிட்டீங்க"ன்னு. நான் வாங்கறதுக்கு முன்னாடி கேட்டதே நேரா படறதப் பத்திதானே, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "அது டீம்ல புதுசா சேந்த பையன் சொன்னது". யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் இல்லயாம். வேணும்னா அலுமினிய ஸ்டிக்கர் ஒண்ணு ஃப்ரீயா அனுப்பறானாம், அத பூட்ஸ் மேல ஒட்டிக்கணுமாம். அஞ்சு ஸ்டார ஒரு ஸ்டாரா மாத்தி போட்டோவோட எழுதினேன், ரெண்டு நாள்ல ரிவ்யூவே காணோம்.

இதுல பூட்ஸ் வாங்கறவங்களுக்கும் ஒண்ணு. ரைடிங் பூட்ஸுக்குன்னு இருக்கற இஎன் 13634ங்கற ஐரோப்பிய தர முத்திரை முக்கியமா உராய்வு, வெட்டு, நசுங்கல் இதுக்கெல்லாம்தான், சைலன்ஸர் சூட்டுக்குன்னு நம்பிடாதீங்க. வேலைக்குப் போடற சேஃப்டி ஷூவுல எச்ஆர்ஓன்னு ஒரு குறி வரும், அந்த சோல 300 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் வச்சு சோதிப்பாங்க. அதுவும் அடிப்பாகம் மட்டும்தான், மேல் தோலுக்கு இல்ல. எத்தனை டிகிரின்னு சொல்றவன் கிட்ட எவ்ளோ நேரம், நேரா பட்டா, இல்ல தள்ளி இருந்தான்னு கேளுங்க. வாய் மூடிடுவான்.

பைப்ல ஒட்டின மிச்சத்த எடுக்கத்தான் மெக்கானிக் அண்ணன் கிட்ட போனேன். அவர் கவர பாக்கவே இல்ல, நேரா குனிஞ்சு பைப் மேல இருக்கற கம்பெனி ஷீல்ட, அதான் கால்ல சூடு படாம மறைக்கற தகட, தட்டிப் பாத்தாரு. "ஏன் தம்பி, இது ஏன் பைப்போட ஒட்டிக் கெடக்கு?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த ஷீல்டுக்கும் பைப்புக்கும் நடுவுல சின்ன சின்ன வாஷர் இருக்கணுமாம், அந்த கேப்புல காத்து போறதாலதான் ஷீல்டு பைப் அளவுக்குச் சூடாகாது. முன்னாடி வேற எடத்துல சர்வீஸ் விட்டப்ப ஷீல்ட கழட்டியிருக்காங்க, திரும்ப மாட்டறப்ப மூணு வாஷரையும் தொலைச்சுட்டு போல்ட்ட மட்டும் போட்டு முறுக்கி விட்டிருக்காங்க. யோசிச்சுப் பாத்தா பைப்ல கருப்புத் திட்டு வர ஆரம்பிச்சதே அந்த சர்வீஸுக்கு அப்புறம்தான். பில்லுல மட்டும் "ஜெனரல் செக்கப்"னு தனியா ஒரு வரி.

"காலுக்கு சட்டை போடறத விட்டுட்டு பைப்புக்குப் போடு"ன்னு சொல்லிட்டு சூடு தாங்கற வாஷர் போட்டு ஷீல்ட தூக்கி மாட்டினாரு. குதிகால் படற எடத்துல கொஞ்சம் ஷீல்டு எட்டாம இருந்துச்சு, அங்க மட்டும் ஸ்டெயின்லெஸ் தகடு ஒண்ணு, கிளாம்ப் வச்சு பைப்ல இருந்து ஒரு விரல் தள்ளி. துணிப் பட்டை சுத்தலாமான்னு கேட்டேன், அவருக்குப் பிடிக்கல. கிளாஸ் ஃபைபர் பட்டை மழைத் தண்ணிய உறிஞ்சி வச்சு சாதா இரும்பு பைப்ப உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க வச்சிடும், பூட்ஸ் உரசி உரசி பிசிர் வந்தா அந்தத் தூள் தோல்ல பட்டு அரிச்சுத் தள்ளும்னாரு.

ஒட்டினத எடுத்த விதம்: வண்டிய கொஞ்ச நேரம் ஓட விட்டு பைப் வெதுவெதுன்னு ஆனதும் நிறுத்தி, கனமான கையுறை போட்டு, மரத்துண்டால நெம்பி எடுத்தாரு. முழுசா ஆறினதும் பித்தளை நார் வச்சு மெதுவா தேச்சாரு. கத்தி, ஸ்டீல் நார் எதுவும் வேணாம், குரோம் கீறிடும். ஓவன் கிளீன் பண்ற காரமான ஸ்ப்ரே குரோம்ல வேலை செய்யும், ஆனா அலுமினியம், கருப்பு பெயிண்ட் இதுல பட்டா தின்னுடும், என் வண்டியில ரெண்டுமே பக்கத்துல இருக்கறதால தொடல.

அப்புறம் நானும் காலப் பழக்கறேன், குதிகால ஃபுட் ரெஸ்ட்ல ஊனாம பாதத்தோட முன்பக்கத்த வைக்கறது, சிக்னல்ல நின்னா முட்டிய கொஞ்சம் வெளிய தள்ளறது. மறந்து மறந்து போகுது. ஆனா இந்த மாசம் சோல்ல புதுசா ஒரு பளபளப்பும் இல்ல, பைப்லயும் திட்டு இல்ல.

நேத்து சும்மா பாத்தப்ப அதே கவர் வேற செல்லர் பேர்ல ஓடுது. அதே போட்டோ, இடது பூட்ஸ்ல மேல இருந்து ரெண்டாவது ஓட்டைல லேஸ் கோக்காம விட்டிருப்பான், அதுகூட அப்படியே இருக்கு. நம்பர் மட்டும் இப்ப 1000 டிகிரி.