பத்து நிமிடத்தில் எனக்கு இரண்டு வயது: வீட்டு டெலோமியர் கிட் பற்றி

என் 54-வது பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்த பெட்டி இது. 'உங்கள் செல்களின் உண்மையான வயது' என்று மூடியில் போட்டிருந்தது. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினால், குரோமோசோமின் நுனியான டெலோமியரின் நீளத்தை அளந்து ரிப்போர்ட் தருவார்கள். நான் இருபது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். ஆறு வருடங்களுக்கு முன்னால் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவள். இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாலும்தான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பெட்டிக்குள் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஊசி ஒரே அழுத்தில் வேலை செய்தது, வலி அதிகமில்லை. எந்த வட்டத்தில் எத்தனை சொட்டு வைக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். சொன்ன மூன்று வாரத்தில் ரிப்போர்ட்டும் வந்தது.

பெட்டியில் இரண்டு பேருக்கான அட்டைகள் இருந்தன. கணவர் ஊசி என்றதும் மறுத்துவிட்டார். அதனால் இரண்டாவது அட்டையிலும் என் ரத்தத்தையே வைத்தேன். ஒரே கை, பக்கத்து விரல், பத்து நிமிட இடைவெளி. பதிவு மட்டும் வேறு பெயரில், என் பிறந்த தேதியோடு. முதல் ரிப்போர்ட்டில் என் செல் வயது 61. இரண்டாவதில் 52.

இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி. கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கப் போடும் முடிச்சு மாதிரி. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் குறைகிறது. நடுவயதில் ரத்த வெள்ளையணுக்களில் அதன் சராசரி நீளம் சுமார் 7,000 எழுத்துகள். வருடத்துக்குக் குறைவது ஏறக்குறைய 20 முதல் 40 எழுத்துகள்தான். சரி, அளப்பதில் வெறும் 5 சதவீதம் தவறினால்? 350 எழுத்துகள். அதாவது ஏறக்குறைய ஒன்பது முதல் பதினேழு வருடம். இந்த மாதிரி கிட்களில் பெரும்பாலும் பயன்படும், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் பிசிஆர் முறையில் அந்த அளவு தவறு சாதாரணம். போதாததற்கு, ஒரே வயதுள்ள இரண்டு ஆரோக்கியமான பேருக்கு இடையிலேயே டெலோமியர் நீளம் வெகுவாக வேறுபடும். இதையெல்லாம் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே பெரிய எழுத்தில் இருந்தது 61 மட்டும்தான். அந்த எண்ணைப் பார்த்து என் மகள் அழுதாள்.

டெலோமியர் அளப்பதே வீண் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. டெலோமியர் மிகவும் குட்டையாகி, எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், சிலருக்கு நுரையீரல் தழும்பேறிவிடும். அதைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகளில் ஃப்ளோ ஃபிஷ் என்று வேறொரு முறையில் அளக்கிறார்கள். அங்கே அந்த எண்ணைப் பார்த்து சிகிச்சையையே மாற்றுவார்கள். இந்தப் பெட்டியில் நடப்பது அது இல்லை.

அப்புறம், மாத்திரை. பெட்டியோடு ஒரு மாதத்துக்கான குப்பி இலவசமாக வந்தது. அஸ்ட்ராகலஸ் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்ததாம், 'டெலோமெரேஸைத் தூண்டி டெலோமியரை நீளமாக்கும்' என்று எழுதியிருந்தது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கமும் அதைத் தொடர்ந்து சாப்பிடச் சொன்னது. பதிவுப் படிவத்தில் தூக்கம், நடை, புகை, எடை எல்லாம் கேட்டிருந்தார்கள். புற்றுநோய் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்கவே இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. டெலோமெரேஸ் என்பது குறைந்துபோன நுனியை மறுபடி நீட்டும் என்சைம். எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்த கரோல் கிரைடர், 1984 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியில் இதன் தடயத்தை முதலில் பார்த்தார். 2009-ல் ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு. வகுப்பில் நான் மிகவும் ஆசையாகச் சொன்ன கதைகளில் இது ஒன்று. ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் இந்த என்சைம் கிட்டத்தட்ட அணைந்தே கிடக்கிறது. செல் ஒன்று கட்டுப்பாடில்லாமல் பெருக ஆரம்பித்தால், நுனி தேய்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இந்தத் தேய்மானமே ஒரு காவல். புற்றுநோய் செல்கள் அதைத் தாண்டித்தான் வளர்கின்றன. 85 முதல் 90 சதவீதப் புற்றுநோய்களில் டெலோமெரேஸ் விழித்திருக்கிறது. 2013-ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில், இந்த என்சைமுக்கான மரபணுவின் சுவிட்ச் பகுதியிலேயே மாற்றங்கள் இருப்பது தெரியவந்தது. 2024 ஜூனில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமெடெல்ஸ்டாட் என்ற மருந்து, மஜ்ஜை நோய் ஒன்றில் இதே டெலோமெரேஸைத் தடுப்பதற்காகவே கொடுக்கப்படுகிறது.

ஆக, அந்த மாத்திரை டெலோமெரேஸை எழுப்பாது என்றால் அதைச் சாப்பிட்டுப் பயனில்லை. எழுப்பும் என்றால் அதை முதலில் தள்ளி வைக்க வேண்டியவள் நான்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். எலிகளில் முதுமையே பின்னோக்கித் திரும்பியிருக்கிறது என்று 2010-ல் வந்த ஆய்வை அனுப்பினார்கள். நல்ல ஆய்வு, எனக்கும் தெரியும். ஆனால் அந்த எலிகளுக்கு டெலோமெரேஸை மரபணு மூலம் முதலில் முடக்கிவிட்டு, அப்புறம் திருப்பிக் கொடுத்தார்கள். இல்லாததைக் கொடுப்பது வேறு, இருப்பதைக் கூட்டுவது வேறு. ரிப்போர்ட்டில் குட்டை என்றால் சிவப்பு, நீளம் என்றால் பச்சை என்று போட்டிருக்கிறார்களே, அதுவும் சரியில்லை. பிறவியிலேயே நீளமான டெலோமியருக்கான மரபணு வாகு உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவு, சில புற்றுநோய்களின் ஆபத்து அதிகம். பச்சை நிறம் இதில் பாதியை மறைத்துவிடுகிறது.

குப்பியை என் புற்றுநோய் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லேபிளை முழுக்கப் படித்துவிட்டு, "இது உங்களுக்கு வேண்டாம் டீச்சர்" என்று மேஜையின் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

பொறுமையாகப் பேசிய சேவைப் பெண்மணிக்காகவும், ஒழுங்கான பெட்டிக்காகவும் பரிசோதனைக்கு ஐந்துக்கு இரண்டு. மாத்திரைக்கு மதிப்பெண் இல்லை. கிட்டுக்கான பணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். நான் கேட்டது பணத்தை அல்ல, படிவத்தில் ஒரே ஒரு கேள்வியை. போன வாரம் அந்தப் படிவத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தூக்கம், நடை, புகை, எடை. அவ்வளவுதான் இருந்தது.