படிவயலில் யூரியா: பல போகங்கள் பார்த்த பிறகு

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். தண்ணீர் கட்டிய நெல் வயலில் போட்டால் அதில் பயிருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கத்துப் படிவயல்களில் (சரிவில் தட்டுத்தட்டாக அமைந்த வயல்களில்) பல போகங்களாகப் போட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட, போட்ட அன்று வயலில் தண்ணீர் எப்படி இருந்தது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

தேங்கிய தண்ணீரில் வீசினால் யூரியா சில நாட்களில் அமோனியமாகிவிடும். வெயில் ஏறியதும் தண்ணீரில் உள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் காரம் கூடி, நடுப்பகலில் பிஎச் 9 வரைக்கும் போகலாம். அப்போது அமோனியம் அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். மலையகக் குளிர் இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனால் சிறுபோகத்தில் (ஆண்டு நடுவில் வரும் போகம்) கச்சான் என்னும் உலர்ந்த தென்மேல் காற்று அடிக்கும் நாட்களில், பயிர் இன்னும் மூடாத வயலில், அந்தக் குளிரை நம்ப முடியாது.

இன்னொரு இழப்பு கண்ணுக்கே தெரியாது. சேற்றின் மேல் சில மில்லிமீட்டரில்தான் ஒட்சிசன் இருக்கும். அங்கே அமோனியம் நைத்திரேற்றாக (நைட்ரேட்) மாறி, கீழே ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் இறங்கும்போது நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். பசளை போட்டபின் வயல் வெடிக்கக் காய்ந்து, வாய்க்காலில் முறைவைத்து விடும் தண்ணீர் வந்து மறுபடி நிரம்பினாலும் இதேதான் நடக்கும், அதுவும் பெரிய அளவில். முறை தவறி தண்ணீர் வரும் எங்கள் வாய்க்கால்களில் இதுதான் மோசமான இழப்பு என்பது என் கணிப்பு.

அதனால் அடிப்பசளை யூரியாவை, தண்ணீரை வடித்துவிட்டு, கடைசிப் பலகையடிக்கு (பலகையால் சேற்றைச் சமப்படுத்துவதற்கு) முன்னால் சேற்றோடு கலந்துவிடுகிறோம். மேற்பசளைக்கு மடையை அடைத்து, தண்ணீரை ஈரச் சேறு தெரியும் அளவுக்கு வடித்து, இலை காய்ந்திருக்கும் பின்னேரத்தில் வீசி, மறுநாள் தண்ணீர் கட்டுகிறோம். யூரியா மண்ணில் ஒட்டாது, தண்ணீரோடேயே கீழே இறங்கும். அமோனியமான பிறகுதான் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த சில நாட்களுக்குக் கீழ்மடை திறக்கவே கூடாது. திறந்தால் நம்முடைய பசளை கீழ்த்தட்டு வயலுக்கும் அப்புறம் ஓடைக்கும்தான்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைபட்டு, நவம்பரில் தடை நீங்கிய பிறகும் யூரியா விலை பல மடங்காக நின்றதே, அந்தக் காலத்தில் இந்த முறை எங்களுக்குப் பெரிய கை கொடுத்தது. கைக்குக் கிடைத்த கொஞ்சத்தைப் பயிர் கேட்கும் நேரத்துக்குப் பிரித்துப் போட்டோம். கதிர் உருவாகும் பருவத்தில் வேர் நிறைந்திருக்கும், இலையும் தண்ணீரை மறைத்திருக்கும். அந்தத் தவணையை மட்டும் நான் எதற்காகவும் குறைப்பதில்லை.

யூரியா வில்லைகளை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கும் முறை எங்கள் முறையைவிடச் சிறந்தது. வங்காளதேசத்தில் பல விவசாயிகள் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு வரிசை நடவு வேண்டும். விதைத்துவிடும் வயலுக்கு அது ஒத்துவராது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மேல்தட்டுகளின் கசிவு வந்து சேரும் அடித்தட்டு வயலுக்கு அதே அளவு போடாதீர்கள். இலை நிற அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டு நைட்ரஜன் தேவையைச் சொல்லும் அட்டை) வைத்துப் பாருங்கள். அங்கே பயிர் பச்சையாகவே நிற்கும். கூடப் போட்டால் சாய்ந்துவிடும்.