ரைஃபோரியனா, எலட்ரினா? பருவத்தை உடம்பில் சுமக்கும் இரண்டு இனங்கள்

மேஜையில் ஆளாளுக்கு ஒரு பாத்திரமாக நடித்து ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், பல மாதம் நீளும் புது விண்வெளிக் கதைக்கு, அதாவது கேம்பெயினுக்கு, ஆள் தயார் பண்ணும்போது எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். பருவகாலம் உடம்பிலேயே பதிந்திருக்கிற இனமாக இருக்க வேண்டும். நான் தென்காசிக்காரன். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி எங்கள் மொட்டைமாடியில் சாரல் அடிக்கும். அதே நேரத்தில் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்கிறவன் வெயிலில் கருகுவான். காலம் மனுஷனை என்ன செய்யும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த விஷயம். அதை மேஜையில் விளையாடிப் பார்க்க ஆசை.

கையில் இரண்டு தேர்வுகள் இருந்தன. ஒன்று, ஸ்டார்ஃபைண்டர் என்ற விண்வெளி ஆட்டத்தின் ரைஃபோரியன். பைஸோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘ஏலியன் ஆர்க்கைவ்’ புத்தகத்தில் விளையாடத்தக்க இனமாக வந்தது. இன்னொன்று, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மாயாஜால ஆட்டத்தின் எலட்ரின்; நான்கு பருவங்களோடு 2018-இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்து, 2022-இல் திருத்தப்பட்டது. எலட்ரின் மாயலோகத்து எல்ஃப், வேற்றுக்கோள்வாசி இல்லையே என்று கேட்கலாம். 2022-இல் ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளித் தொகுப்பு ஐந்தாம் பதிப்புக்கு வந்த பிறகு அந்த ஆட்டமே விண்வெளிக்குப் போய்விட்டது. கதையை நடத்துகிற எங்கள் கேம் மாஸ்டர் அண்ணாச்சியும் இரண்டு ஆட்டத்து விதிகளையும் கலந்து நடத்துகிறவர். ஆகவே இரண்டுக்கும் சம்மதம் கிடைத்தது. நான் ரைஃபோரியன் எடுத்தேன். அம்பாசமுத்திரத்து நண்பன் ஒருவன் எலட்ரின் எடுத்தான். இரண்டும் ஒரே மேஜையில் பல மாதம் ஓடியதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் சாய்வு ரைஃபோரியன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சண்டையில் எது பலம் என்று கேட்டால், எலட்ரின்தான். தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் நீண்ட கூர்காது, மனித அளவு உடம்பு. முதல்முறை விளையாடுகிறவருக்கும் எலட்ரின் சுலபம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எலட்ரின் வேலை செய்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம், கோடை என நாலில் ஒன்று அதன் மீது இருக்கும். லாங் ரெஸ்ட், அதாவது ராத்திரி ஓய்வு, முடியும்போது விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ‘ஃபே ஸ்டெப்’ என்ற திறனால், சண்டையில் தன் முறையில் கிடைக்கும் கூடுதல் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி தூரம் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவும். மூன்றாம் லெவலிலிருந்து அந்தத் தாவலோடு பருவத்தின் குணமும் சேர்ந்துகொள்ளும். இலையுதிர்காலம் அருகில் இருக்கும் இரண்டு பேர் வரை வசியம் செய்யப் பார்க்கும்; குளிர்காலம் ஒருவரை மிரட்டும்; கோடை பக்கத்தில் நிற்பவர்களைச் சுடும். வசந்தத்தில் தான் தாவாமல், சம்மதிக்கிற இன்னொருவரைத் தொட்டு அனுப்பலாம்.

இந்த வசந்தம் நிஜமாகவே அருமையான திறன். ஒரு சண்டையில் எங்கள் மருத்துவர் கப்பலின் சரக்கறைக்குள் மாட்டிக்கொண்டார், வாசலை இரண்டு ரோபோக்கள் அடைத்து நின்றன. நண்பன் அவர் தோளைத் தொட்டான். மருத்துவர் 30 அடி தள்ளி, ரோபோக்களுக்குப் பின்னால் இருந்தார். உள்ளே அவர் இடத்தில் இவன் மட்டும் நின்றான். மேஜையே எழுந்து கத்தியது. அந்த மாதிரித் தருணத்தை என் ரைஃபோரியன் ஒருபோதும் தந்ததில்லை.

ஆனால் நீண்ட கேம்பெயினுக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வேண்டியது வேறு. ஆறு மாதம் கழித்தும் அந்தப் பருவம் ஆட்டத்தில் உயிரோடு இருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

புத்தகம் எலட்ரினின் பருவத்தை மனநிலையோடு இணைக்கிறது. குளிர்காலம் துக்கம், வசந்தம் கொண்டாட்டம், கோடை ஆவேசம், இலையுதிர்காலம் இணக்கமும் நல்லெண்ணமும். முதல் சில செஷன்களில் நண்பன் இதை உருகி விளையாடினான். தோழர் ஒருவர் இறந்த ராத்திரி குளிர்காலத்துக்கு மாறி, அடுத்த நாள் முழுக்கப் பேசாமலே இருந்தான். பிறகு மெல்ல மெல்லக் கணக்கு மாறியது. “நாளைக்குச் சண்டை வரும் போல, நான் வசந்தமா இருந்துக்கிடுதேன்” என்ற அளவில் வந்து நின்றது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி தூங்கி எழுந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று விதியே சொல்லும்போது, யாராக இருந்தாலும் நாளைய தேவைக்கு ஏற்றதைத்தான் எடுப்பார்கள். அந்த ஆளின் துக்கத்தைத் தொடர்ந்து காப்பாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு ராத்திரியும் லாபமான தேர்வை விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் தனியாளாக. மேஜையில் மற்றவர்களுக்கு அதில் பங்கே கிடையாது.

ரைஃபோரியனுக்கு அந்தத் தேர்வே இல்லை. அவர்களுடைய கிரகமான ட்ரையாக்சஸ் மிக நீண்ட நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 317 வருஷம். ஒரு பருவம் தலைமுறைகள் தாண்டி நீளும். குளிர்காலத்தில் பிறந்தவருக்கு உடம்பெல்லாம் அடர்ந்த வெள்ளை ரோமம். கோடையில் பிறந்தவருக்கு ரோமமில்லாத கருத்த தோல். இடையில் பிறந்தவர் இரண்டுக்கும் நடுவில். பிறந்தபோது வாய்த்த உடம்பு அப்படியேதான் இருக்கும்.

இங்கே வானியல் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதிப்படி, நீள்வட்டப் பாதையில் சுற்றும் கோள் சூரியனுக்கு அருகில் வேகமாகவும், தொலைவில் மெதுவாகவும் போகும். அப்படியானால் ட்ரையாக்சஸில் குளிர்காலம் நீளம், கோடை குறுகல். நாங்கள் இதை எங்கள் ஆட்டத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம். உடனே நிறைய விஷயங்கள் தானாக முளைத்தன. கோடையைக் கண்ணால் கண்ட ஆள் யாரும் உயிரோடில்லை. விதைநெல் மாதிரி எதையோ கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பனிக்கு அடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அது முளைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தின்று பசியாறலாமா, கூடாதா என்பதுதான் என் ஆளின் ஊரில் நடந்த பெரிய சண்டை. அதில் தோற்றுத்தான் அவன் கப்பல் ஏறினான். இவ்வளவும் 317 என்ற ஒற்றை எண்ணிலிருந்து கிடைத்தது.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசாத ஐப்பசி கிடையாது. எதுவரை தண்ணீர் ஏறியது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். நாங்கள் தலையாட்டிக் கேட்போம், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆறு மறுபடி ஊருக்குள் வந்த பிறகுதான் அந்தப் பேச்சின் கனம் எங்களுக்குப் புரிந்தது. ரைஃபோரியனுக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. பாட்டி சொன்ன கோடையை நம்புவதா, வெறும் கதை என்று விடுவதா என்று சாகும்வரை தெரியாமலே வாழ வேண்டும். இதை விளையாடுவதற்கு விதி எதுவும் தேவையில்லை, மறந்துபோகவும் வழியில்லை.

எங்கள் கப்பல் கேஸ்ட்ரோவெல்லில் இறங்கியபோது நடந்தது இது. வெப்பமும் ஈரமும் நிறைந்த காட்டுக் கிரகம். மழை விட்டிருந்தது.

“ஏல, உன் ஆளு மண் வாசம் பிடிச்சிருப்பானா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. அவன் பொறந்த ஊர்ல மண்ணு பூராவும் பனிக்கு அடியிலதான கெடக்கு.”

“அப்ப என்ன செய்யுதான்?”

சாத்தான்குளம் தேரியில் முதல் மழை விழுந்ததும் செம்மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த அதைத் தெரியாதவனாக நடிக்க வேண்டியிருந்தது. என் ஆள் ஏதோ அழுகுகிறது என்று நினைத்து முகக்கவசத்தை மாட்டிக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அது என்னவென்று அவனுக்கு விளக்கப் பார்த்தார்கள். அந்தச் செஷனில் டைஸ் உருளவே இல்லை, எல்லோருக்கும் வேலை இருந்தது. எலட்ரினிடம் எனக்குக் கிடைக்காதது இதுதான். மாற்றவே முடியாத பருவத்தை மேஜையில் எல்லோரும் சேர்ந்து சுமக்கலாம்.

ரைஃபோரியனிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. விதியளவில் அதன் பருவம் வெப்பம், குளிர் தாங்குவதோடு நின்றுவிடுகிறது. மழை இல்லை. நம் பக்கத்தில் கார் சாகுபடி, பிசானம் சாகுபடி இரண்டுமே தண்ணீரை வைத்துத்தான். அணை திறந்தார்களா, குளம் பெருகியதா என்பதுதான் காலம். எலட்ரினின் நாலு பருவத்திலும் மழைக்கு இடமில்லை, அதை வளைக்கவும் முடியாது. ரைஃபோரியனில் இடைக்காலப் பிறவி என்ற வகை இருப்பதால் வளைக்க இடம் இருக்கிறது. பனி உருகி ஆறுகள் பிறக்கும் காலத்துப் பிள்ளைகள் அவர்கள். அண்ணாச்சி அடுத்த கேம்பெயினை அங்கேதான் வைக்கப் போகிறார். நான் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டேன்.

இடைக்காலப் பிறவியையும் கோடைப் பிறவியையும் நான் இன்னும் விளையாடவில்லை, சொன்னதெல்லாம் குளிர்காலப் பிறவியின் அனுபவம். பத்தாம் லெவலுக்கு மேலும் நாங்கள் போகவில்லை. அங்கே எலட்ரினின் தாவல் எவ்வளவு முக்கியமாகும் என்பதை ஊகித்துத்தான் சொல்ல முடியும். 2022 திருத்தத்தில் லெவல் ஏற ஏற அதைக் கூடுதல் தடவை பயன்படுத்தலாம் என்பதால் பலம் கூடும் என்றே நினைக்கிறேன். ஒரே நாளில் முடிகிற ஆட்டம் என்றால் யோசிக்காமல் எலட்ரினை எடுங்கள். அங்கே பருவம் மங்குவதற்கு நேரமே இல்லை.

ரைஃபோரியன் எடுப்பதாக இருந்தால் கேம் மாஸ்டரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ட்ரையாக்சஸில் இப்போது என்ன பருவம், அது முடிய எத்தனை வருஷம் இருக்கிறது, உங்கள் ஆளின் வீட்டில் கடைசியாக அடுத்த பருவத்தைப் பார்த்தவர் யார். இந்த மூன்றையும் கேரக்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல அக்கறை காட்டாத கேம் மாஸ்டர் வாய்த்தால் ரைஃபோரியன் வேண்டாம், வெறும் ரோமம்தான் மிஞ்சும்.