அட்ராக்டிவ், டெம்ப்டிங், என்டைசிங், சார்மிங்: எதை எங்கே போடுவது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்க விளம்பரம் எழுதினாலும் சரி, தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) கடைப் பலகை எழுதினாலும் சரி, மனத்தை இழுக்கும் எதற்கும் பலர் 'அட்ராக்டிவ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். விலைக்கு அது பொருந்தும். பிரியாணிக்குப் பொருந்தாது.

லத்தீனில் 'இழு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ட்ராக்டருக்கும் அதே வேர்தான். கண்ணுக்கும் கணக்குக்கும் அது நன்றாகப் பொருந்துகிறது. லட்சணமான ஆள், கட்டடம், சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு ஆகியவை ஒரு வகை. சம்பளம், வட்டி, விலை ஆகியவை இன்னொரு வகை. தம் உடைத்ததும் கிளம்பும் மணத்துக்கு அட்ராக்டிவ் ஒட்டாது. அங்கே அப்பிட்டைசிங் (பசியைத் தூண்டும்) அல்லது டெம்ப்டிங்தான் சரி.

டெம்ப்டிங் என்றால் பக்கத்திலேயே ஒரு 'வேண்டாம்' நிற்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் முன் வைத்த குலாப் ஜாமூன் டெம்ப்டிங். கடன் கொடுப்பவர் தம் வட்டி விகிதத்தைத் தாமே அப்படி வர்ணித்தால், 'இதில் நீங்கள் விழுந்துவிடுவீர்கள்' என்று அவரே எச்சரிப்பதுபோல் ஆகிவிடும்.

என்டைசிங் சொல்லுக்குள் தூண்டில் போடும் ஆள் ஒருவர் இருக்கிறார். 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்' என்பது என்டைசிங். சூரிய அஸ்தமனத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சார்மிங் மென்மையானது. அதன் வேர்ச்சொல்லுக்குப் பாட்டு, மந்திரம் என்று பொருள். கூன் செங் சாலையின் வண்ண வண்ணப் பெரனாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகத்தினரின்) வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் வீட்டு விளம்பரத்தில் இதைக் கண்டால் சதுர அடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 'சின்னது, பழையது' என்பதை நாசூக்காகச் சொல்லவும் இதுவே கைகொடுக்கிறது.

இலக்கணத்தில் தமிழர்கள் அதிகம் இடறும் இடம் 'க்கு'. 'வாங்குபவர்களுக்கு' என்று மனத்தில் ஓடுவதால் 'அட்ராக்டிவ் ஃபார் பையர்ஸ்' என்று கை எழுதிவிடுகிறது. யாரை ஈர்க்கிறது என்று சொல்ல 'டு' போட வேண்டும். அடுத்த தவறு இன்னும் சங்கடமானது. 'இந்த வேலை என்னை ஈர்த்தது' என்பதற்கு 'ஐ ஆம் அட்ராக்டிவ்' என்று எழுதினால், விண்ணப்பதாரர் தம் அழகைத் தாமே மெச்சிக்கொள்கிறார் என்றாகும். 'ஐ ஆம் அட்ராக்டட் டு' என்பதே சரி.

தமிழில் பெயர்க்கும்போது கண்ணி 'கவர்ச்சி'. 'கவர்ச்சிகரமான சம்பளம்' செய்தித்தாள்களில் பழகிவிட்டது, இருக்கட்டும். ஆளுக்குப் போட்டால் சினிமாப் பத்திரிகை வாடை அடிக்கும். தோற்றத்துக்கு 'அழகான', 'லட்சணமான', குணத்துக்கு 'வசீகரமான', விலைக்கு 'வாங்கத் தூண்டும்' போதும். அலுவலகத்தில் சக ஊழியரைப் பாராட்டுவதானால், எந்த மொழியானாலும் இந்த நாலில் சார்மிங் மட்டுமே ஓரளவு பத்திரம். அதையும் உடைக்கல்ல, பழகும் விதத்துக்குச் சொல்லுங்கள்.