வெயிட்டிங் லிஸ்டை விட்டு ஸ்னோஃப்ளேக் வாங்கிய கதை

நான் முதலில் வாங்கப் போனது வேறு வாட்ச். பெயர் வேண்டாம், நாலு பேர் கையில் பார்த்து எனக்கும் ஆசை வந்த ஸ்டீல் வாட்ச், அவ்வளவுதான். கடையில் உட்காரவைத்துக் காபியெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் கண்ணாடிக்குள் இருந்தது காட்சிக்கு மட்டுமாம். பெயரை எழுதிக்கொள்கிறோம், அதுவரை அந்தப் பக்கம் நகைகளையும் கொஞ்சம் பாருங்களேன், "ஏற்கெனவே நம்மகிட்ட வாங்கினவங்களுக்குத்தான் சார் முதல்ல" என்றார் அங்கே இருந்த தம்பி. காசைக் கையில் வைத்துக்கொண்டு சிபாரிசு தேடும் நிலைமையா என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் வாங்கியது ஜப்பான் சீகோவின் உயர் ரகமான கிராண்ட் சீகோவில் எஸ்பிஜிஏ211 என்ற மாடல். ஸ்னோஃப்ளேக் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கட்ட ஆரம்பித்து எட்டு மாதமாகிறது.

டயலுக்காகவே வாங்கலாம். வெள்ளை பெயிண்ட் அடித்ததில்லை, பனி படிந்த மாதிரி நுணுக்கமான மேடுபள்ளங்களை அழுத்தி எடுத்து, மேலே வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்தான். சாயங்காலம் ஜன்னலோரம் லேசாகச் சாய்த்தால், சலித்த அரிசி மாவைத் தட்டில் பரப்பிய மாதிரி ஒவ்வொரு மேடும் தனித்தனியாக நிழல் காட்டும். அதன்மேல் நீல வினாடி முள் டிக்டிக் என்று தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும்.

உள்ளே இருக்கும் ஸ்பிரிங் டிரைவ் என்ற மெஷின் இன்னொரு ரகம். பேட்டரி கிடையாது, ஓட்டுவது ஸ்பிரிங்தான். ஆனால் நொடிக்கு 8 முறை சுற்றும் ஒரு சக்கரத்தை, குவார்ட்ஸ் படிகம் கணக்குப் பார்த்துச் சொல்ல, காந்த விசை பிரேக் பிடிக்கிறது. நாளுக்கு ஒரு வினாடி முன்னே பின்னே போகலாம், அவ்வளவே. அகஹானே என்ற பொறியாளர் இதை 1977-ல் ஆரம்பித்தார், கடைக்கு வந்தது 1999-ல். 22 வருஷம்! வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடுகிறது, 72 மணி நேரம் தாங்கும்.

எல்லோரும் அடித்துப்பிடித்துத் தேடும் ஹைப் வாட்ச் எல்லாம் மட்டம் என்று சொல்லவில்லை. சுவிஸ் கம்பெனியான படேக் பிலிப்பின் நாட்டிலஸ் 5711 வாட்ச்சின் வேலைப்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2021 டிசம்பரில் டிஃப்பனி என்ற அமெரிக்க நகைக்கடையின் பெயரும் அதன் நீல நிறமும் டயலில் போட்ட அதே வாட்ச் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனதே (பணம் நற்பணிக்குப் போனது, அது வேறு விஷயம்), உள்ளே ஓடும் மெஷின் சாதா 5711-இல் இருப்பதுதான். கூடுதலாக இருந்தது ஒரு நிறம், இன்னொரு பெயர், மொத்தமே 170 தான் என்ற செய்தி.

சரி, ஸ்னோஃப்ளேக்கின் குறை. செயின் சுமார்தான், பல வருஷமாக எல்லோரும் சொல்வது இது. கொக்கியில் இம்மி இம்மியாகத் தளர்த்தும் வசதி இல்லை. வெயிலில் கை உப்பும் ஆளாக இருந்தால் கட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். ஆபீசில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், "சீகோவா, எங்கப்பாகிட்டயும் இருந்துச்சே" என்பார்கள். விற்கப் போனால் கணிசமாக இறங்கும். அதனால் நான் புதிதாக வாங்கவில்லை, ஒருவர் ஒரு வருஷம் கட்டியதை வாங்கினேன். ஏன் சார் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வெயிட்டிங் லிஸ்டில் அவர் பெயர் வந்துவிட்டதாம்.