"ஃபாரஸ்ட் பர்மிட் இருக்கு சார்": 11,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

"சிட்டி டென்ஷனை எல்லாம் மலையிலேயே இறக்கி வெச்சிட்டு வாங்க" என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம் ஓட்டும் ஒரு ட்ரெக்கிங் குழு. காலையில் கோவையில் ஏறினால் நீலகிரியில் ஒருநாள் மலையேற்றம், இரவுக்குள் வீடு. தலைக்கு 2,850 ரூபாய், நான்கு பேருக்கு 11,400. முழுப் பணமும் முன்கூட்டியே யுபிஐ-யில் கட்ட வேண்டும். பெயர் எழுதப்போவதில்லை, எழுதினால் நாளைக்கே வேறு பெயரில் பக்கம் திறப்பார்கள். போன ஞாயிறு அந்த 11,400-க்குக் கிடைத்தது தேயிலைத் தோட்டத்து வண்டிப்பாதையில் கொஞ்ச நேர நடை, அவ்வளவுதான்.

அந்த 2,850-ஐ அவர்களே பிரித்துக் காட்டியிருந்தார்கள். வேன், மதியச் சாப்பாடு, கைடு, வாடகை ஷூ எல்லாம் சேர்த்து 2,350. மிச்சம் 500 "ஃபாரஸ்ட் பர்மிட் மற்றும் இ-பாஸ்". இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது! உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு அது வந்தது. வண்டி எண்ணும் தேதியும் ஆள் கணக்கும் கொடுத்துப் பதிந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு வாங்கியவர்கள், அதைக்கூட எடுத்திருக்கவில்லை. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வேனை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

பணத்தைப் போட வைத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கடிதத்தின் படம். மேலே கோபுர முத்திரை, வனத்துறை என்ற தலைப்பு, கீழே ஊதா ரப்பர் ஸ்டாம்ப். கூடவே பணிவான குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சார், ரேஞ்சர் ஆபீஸ்ல கையெழுத்தே வாங்கியாச்சு சார். நீங்க வந்து நின்னா மட்டும் போதும்." இவ்வளவு சொன்ன பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஐந்து நிமிடத்தில் 11,400 போய்விட்டது.

அந்தக் காகிதத்தில் இல்லாதவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு அலுவலகக் கடிதத்தில் ந.க. எண் (கோப்பு எண்) இருக்கும், இதில் இல்லை. எந்த வனக் கோட்டம், எந்தச் சரகம் (ரேஞ்ச்), எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்ற விவரம் இல்லை. நடப்பவர்களின் பெயர்கள் இல்லை, "20 நபர்கள்" என்று மொட்டையாக ஒரு வரி. கையெழுத்துக்குக் கீழே பதவி இல்லை. சரக அலுவலகத்தில் விசாரித்தபோது ஒரே வார்த்தை: "நாங்க கொடுக்கலையே."

2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். அங்கே "ஏற்பாட்டாளர்தான் கூட்டி வந்தார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாதை தொடங்கும் இடத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர் கடிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பினாரே, அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உள்ளே விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். விளம்பரத்தில் 14 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி என்பது மலை நடையின் பழைய கணக்கு. அதன்படி நிற்காமல் நடந்தாலே நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதியவர்கள், சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. வேன் போய்ச் சேர்ந்ததே பதினொன்றரைக்கு. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் காட்டெருமைகூடத் தெரியாது. கைடு என்று வந்த பையன் கோவைக்காரன். முதலுதவிப் பெட்டி, விசில், டார்ச் எதுவும் கிடையாது. சோலைக்குள் எந்த ஓடை எங்கே கடக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

வாடகை ஷூவில் ஒன்றின் அடிப்பாகம் தோட்டத்துப் பாதையிலேயே பிய்ந்து தொங்கியது. பார்க்கப் புதுசுதான். பாலியூரித்தேன் நடு அடுக்கு உள்ள ஷூ, போடாமல் பெட்டியில் கிடந்தாலும் ஈரக்காற்றில் சில வருடங்களில் தானாகவே உதிர்ந்துபோகும். பசை போட்டாலும் நிற்காது, ஏனென்றால் விட்டுப்போனது பசையல்ல, அந்த அடுக்கே. ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரிசல் விடும், மாவாக உதிரும். வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள்.

இனி பதில் சொன்ன லட்சணம். முதலில் "ஃபாரஸ்ட்ல திடீர்னு க்ளோஸ் பண்ணிட்டாங்க சார், நாங்க என்ன பண்ண முடியும்". கடிதம் போலி என்றதும் "அட்மின்கிட்ட பேசுங்க". அட்மின் என்பவர் "நடந்தீங்க, சாப்பிட்டீங்க, அப்புறம் என்ன ரீஃபண்ட்?" என்றார். சாப்பாடு ஆறிப்போன ஒரு பொட்டலம், அதற்கா 11,400? பிறகு "அடுத்த ட்ரெக்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்". வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று எழுதியதும் குரூப்பிலிருந்து நீக்கி, எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். 11,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை "ட்ரெக் தமிழ்நாடு" என்று இணையப் பதிவுக்குத் திறந்திருக்கிறது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருவார்கள். முதலில் அங்கே பாருங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீ அபாயத்துக்காக மூடுவது வழக்கம். அந்தச் சமயத்தில் எவனாவது "ஸ்பெஷல் பர்மிட்" என்றால் அது பொய்.

கடிதம் அனுப்பினால் சரகத்தின் பெயரைக் கேட்டு, அந்த அலுவலகத்துக்கு நீங்களே பேசுங்கள். அவர்கள் கொடுக்கும் "ரேஞ்சர் நம்பர்" வேண்டாம்.

ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். நுகர்வோர் புகாருக்கு 1915. 5 லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் இல்லை. பிளாக் ஆவதற்கு முன்னாலேயே சாட், வாய்ஸ் மெசேஜ், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டும் நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதே வேனில் வந்த மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.